தொமித்திலாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

நிக்கனோரா காளான் அறையின் கதவைத் திறந்தாள். தொங்கிய அறுபது பைகளிலும் காளான் வந்திருந்தது. ஆனால் என்ன காளான்! உள்ளங்கை அகலம் விரியவேண்டிய சிப்பிக் காளான், கோழிக் கழுத்தாட்டம் நீண்டு, நுனியில் மிளகளவு தலையோடு நின்றது. அறை முழுக்கச் சாம்பிராணி நெடி.

"அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சுவரோரம் உருகிக் கிடந்த மூன்று மெழுகுவத்திக் கட்டைகளையும் வாடிய பூக்களையும் பொறுக்கிப் பாவாடைப் பைக்குள் திணித்தாள். சாளரங்களில் அடைத்திருந்த சாக்குகளை உருவி எறிந்தாள்.

ஆண்டுக்கொருமுறை இறந்தவர்கள் வீடு தேடி வரும் மூன்று நாட்களில் ஊரில் யாரும் வேலை செய்வதில்லை. அதற்கு முந்தின சாயங்காலம் பைகளுக்குத் தண்ணீர் தெளிக்க வந்தவள், யாருக்கும் சொல்லாமல் தொமித்திலாவுக்காகச் செண்டுமல்லி தூவி, சாம்பிராணி போட்டு, மூன்று நாள் நின்றெரியும் தடித்த மெழுகுவத்திகளை ஏற்றினாள். சுடர் அணைந்தால் வருகிற உயிர் வழி தெரியாமல் தவிக்குமே என்று சாளரத்தையும் அடைத்தாள். காற்றோட்டம் இல்லாவிட்டால் காளான் கழுத்தை நீட்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தத் தொமித்திலாதான். பாசம் கண்ணை மறைக்கும்போது பாடமா நினைவுக்கு வரும்!

தொமித்திலா லேசுப்பட்டவள் இல்லை. காப்பிப் பழம் உரிக்கும் ஊர் இயந்திரம் அவள் அண்ணன் எலாதியோவின் பொறுப்பில் இருந்தது. அவன் பழத்தோலை ஓடையில் கொட்டி, ஓடை கறுத்து நாறியபோது அண்ணனென்றும் பாராமல் நடுத்தெருவில் சண்டை போட்டாள். அந்தத் தோலை மூட்டை மூட்டையாக இந்தப் பழைய பள்ளிக்கூட அறைக்குச் சுமந்தாள். புளிக்கவைத்து, வெந்நீரில் அவித்து, பையில் கட்டி, விதை தூவி, நாறின குப்பையை ஊர் ருசித்துத் தின்னும் கறியாக்கிக் காட்டினாள். அண்ணனோடு பேசாமலேயே போன மழைக்காலத்தில் செத்தும் போனாள்.

இப்போது எலாதியோ காப்பி மூட்டை அடுக்க அறையைக் கேட்கிறான். இன்று பூசை முடிந்து ஊர்க்கூட்டம். மேசைமேல் ஒரு கூடை நல்ல காளான் வைத்தால் அறை அங்கே காளான் வளர்க்கும் பெண்களுக்கு, இல்லையென்றால் அவனுக்கு என்பது ஊர்ப் பேச்சு.

"ஐயையோ, என்னக்கா இது?" கூடையோடு வந்த பசிலிசா வாசலிலேயே நின்றுவிட்டாள். கூட வேலை செய்கிறவள்; வாய் கொஞ்சம் நீளம். மூக்கை உறிஞ்சினாள். "புகை நாத்தம்! அந்த எலாதியோ பயதான் உள்ள எதையோ கொளுத்தியிருக்கான். இரு, அவன் மானத்தை வாங்கறேன்."

"இருடி, நான் சொல்றதை..."

கேட்டால்தானே! பசிலிசா பாதித் தெரு தாண்டியிருந்தாள்.

நிக்கனோரா போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. "பொம்பளைங்க பொழப்புல மண்ணைப் போட்டவன்கிட்ட ஊர் இயந்திரம் எதுக்கு? பிடுங்குங்க!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எலாதியோ வெளுத்துப்போய் நின்றான்.

"சாமி சத்தியமா நான் அந்தப் பக்கமே போகலை."

"சத்தியம் வேறயா!" என்றாள் பசிலிசா.

நிக்கனோரா பாவாடைப் பைக்குள் கையை விட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அறை நிலைக்கும், அறுபது பை இருநூறாகும். இவனும் ஒன்றும் உத்தமன் இல்லை. ஆனால் தொமித்திலா இருந்திருந்தால் இந்தப் பொய்க்கு அவள் முகத்தில் காறித் துப்பியிருப்பாள்.

மூன்று மெழுகுக்கட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவர் இல்லை. நான்தான். தொமித்திலாவுக்கு விளக்கேத்தி, காத்து வராம அடைச்சேன். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சேன்."

"கெடுத்தியே அக்கா!" பசிலிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. காளான் இல்லை. அறையை எலாதியோவுக்குக் கொடுக்கலாம்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பாதிக்கு மேல்.

எலாதியோ கை தூக்கவில்லை. மேசையருகே வந்து ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தான்.

"இது அணையவே இல்லையா தாயி?"

"இல்லைண்ணே. அடிவரைக்கும் எரிஞ்சிருக்கு."

"என் வீட்டுல அவளுக்கு ஏத்தினது மூணு நாளும் நிக்கலை. ஏத்த ஏத்த அணைஞ்சுது. கோவத்துல வரமாட்டேங்கிறாளோன்னு அழுதேன்." கட்டையைத் தடவினான். "இங்கதான் வந்திருக்கா."

கட்டையைத் திரும்ப வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தான்.

"எனக்கு அறை வேண்டாம். நான் கேட்டதை எழுதியிருந்தா கோடு போட்டு அடிச்சிடுங்க."

வாசல்வரை போனவன் திரும்பினான்.

"நாளைக்கு இயந்திரம் ஓடுது. தோலை நானே கொண்டுவந்து இறக்கறேன். பை ரெடியா வையிங்க."