தலைவர் சுருங்கிய மெமரி கார்டு

பாலத் திறப்பு விழாப் படங்களில் தலைவர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தார். திங்களன்று ஆளுயரமாக நின்று ரிப்பன் வெட்டியவர், புதனன்று அதே படத்தில் ரிப்பனை எட்ட எம்பிக்கொண்டிருந்தார். வெள்ளியன்று கத்தரிக்கோல்தான் தெரிந்தது. அதன் கீழே யாரோ தள்ளாடினார்கள். மாலை, நாற்காலி, மைக் எல்லாம் அதனதன் அளவில் இருந்தன. புகைப்படக்காரரின் மெமரி கார்டு படுத்துவிட்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கார்டில் ஒரு படத்தைத் திறக்கத் திறக்க அது தேயும். தலைவரின் உதவியாளரோ, "அண்ணே, தலைவர் எப்படி வந்திருக்காரு, இன்னொரு தடவை பாருங்க" என்று ஓயாமல் அழைத்தார். புகைப்படக்காரரும் கார்டை ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்.

அதே கார்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. புகைப்படக்காரரின் மனைவி கிரேன் ஓட்டுபவர். பாலத்தின் கடைசி உத்தரத்தைத் தூக்கி வைத்தது அவர்தான்; அதைக் கணவர் படமெடுத்திருந்தார். கல்வெட்டில் தலைவர் தொடங்கி, பந்தலுக்கு நாற்காலி தந்தவர் வரை பெயர் இருந்தது; பாலத்தைத் தூக்கியவர் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லையாம். மேலிருந்து ஊரையே பார்ப்பவர், தான் வேலை செய்வதைப் பார்த்ததே இல்லை. முதலில் அவர்தான் பார்க்க வேண்டும் என்று கணவர் அந்தப் படங்களை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அழிந்த படங்களை மீட்டுத் தரும் பெண்மணிக்கு டாக்டரம்மா என்று பெயர். பட்டம் கொடுத்தது அவரேதான். செத்த கார்டும் தன் கை பட்டால் எழுந்து உட்காரும் என்பார், உட்காரவும் செய்யும். கார்டைப் பார்த்ததும் கேட்டார்:

"ஊதினீங்களா?"

"லேசாத்தான்..."

"அடுப்பா அது, ஊதுறதுக்கு? இனி ஒரே ஒரு தடவைதான் படிக்கும். நடுவுல உயிர் போனாலும் போகும். முதல்ல யாரை எடுக்கட்டும்?"

"இதென்ன கேள்வி, தலைவரைத்தான்" என்றார் கூடவே வந்திருந்த உதவியாளர்.

"என் வீட்டுக்காரம்மாவை எடுங்க" என்றார் புகைப்படக்காரர்.

"அப்போ அடுத்த விழாவுக்கு நீங்க வரவேண்டாம்."

"சரிங்க. நீங்க எடுங்க டாக்டரம்மா."

யாரும் திறக்காத படங்கள் என்பதால் ஒரு புள்ளிகூடத் தேயாமல், நிஜத்தின் முழு அளவில் டாக்டரம்மாவின் கடைக்குள்ளேயே எழுந்து வந்தன. முதலில் கிரேனின் கால்கள், பிறகு உடம்பு. கூரை ஓடுகள் விலகி வழிவிட்டன. உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், ஒரு கையை நீட்டியபடி அந்தம்மா. மிச்சம் மீதியில் தலைவரும் வந்தார், கட்டைவிரல் உயரத்தில். மாலை முழு அளவில் வந்து அவர்மேல் விழுந்துவிட்டதால், உதவியாளர் டார்ச் அடித்து, "தலைவரே, தலைவரே" என்று பூவுக்குள் தேட வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்த அசல் தலைவர், மாலை நன்றாக வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் வேலை முடிந்த கையோடு மனைவி வந்தார். தெருவில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்க, நான் இவ்வளவு உயரத்துலயா இருக்கேன்?"

"தினமும்" என்றார் கணவர். அவரைவிட அப்போது உயரமாக நின்றவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

கிரேன் இன்னும் அங்கேதான் நிற்கிறது. பாலத்துக்கு வழி கேட்டால், "அந்தம்மா கை காட்டுற பக்கம் நேரா போங்க" என்கிறார்கள். மேலே ஏன் ஓர் அம்மா இருக்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.