பாதரசக் கை

கிழக்கு ஜெர்மனியில் எங்கள் எல்லர்பாக் ஊரின் பழைய தெர்மாமீட்டர் ஆலையை அருங்காட்சியகமாக்கித் திறந்து வைத்த ஞாயிற்றுக்கிழமை, நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சிரிக்க வைத்தவன் ஹார்ட்முட். ஒரு காலத்தில் ஆலையின் மேற்பார்வையாளன், இப்போது அருங்காட்சியகச் சங்கத் தலைவன். எல்லோருக்கும் ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றிக்கொண்டே வந்தவன் லோத்தரின் முன்னால் நின்றான். லோத்தர் இருபத்திரண்டு வருஷம் கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பியவர். கை உதறிக்கொண்டே இருக்கும்.

"உனக்கு அரை கிளாஸ் போதும்டா லோத்தர். மீதிய எப்படியும் சட்டைதானே குடிக்கப்போகுது?"

கூடமே சிரித்தது. நானும்தான். லோத்தர் கிளாஸை வாங்கவில்லை. அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் குடிகாரன்.

அந்தப் பெயரைக் கொடுத்தவள் நான். ஆலையின் மருத்துவ அறையில் எனக்கு நர்ஸ் வேலை. கை ஏன் உதறுகிறது என்று பார்க்க எடுத்த அவருடைய சிறுநீர்ச் சோதனையில் பாதரசம் எக்கச்சக்கமாக வந்தபோது, டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாதரசம்னு எழுதினா அந்தப் பிரிவையே மூடணும் சிஸ்டர். இந்த வருஷ இலக்கு என்ன ஆகுறது? குடின்னு எழுதுங்க."

எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். போதாததற்கு, காபி நேரத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். என் வாய்க்கு அப்படி ஒரு அரிப்பு.

பெர்லின் சுவர் இடிந்து, ஆலையும் மூடிய பிறகு ஒருநாள் லோத்தர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சிஸ்டர், பொண்ணுக்குக் குழந்த பொறந்திருக்கு. மடில வச்சுக்கக்கூட விட மாட்டேங்குறா. குடிகாரன் கைன்னு பயப்படுறா. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவா."

"எனக்கு எதுவும் ஞாபகமில்ல லோத்தர்," என்றேன்.

டாக்டர் அப்போது உயிரோடு இருந்தார். எனக்குப் புது மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. அதற்குமேல் ஒரு காரணமும் இல்லை. நான் பயந்தாங்கொள்ளி.

அந்த ஞாயிறு, சிரித்து முடித்த வாய் கசந்தது. லோத்தரின் மகள் கெர்லிண்டே, இத்தனை பேர் நடுவில் மானம் போகிறதே என்று அப்பாவை முறைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டேன்.

"கெர்லிண்டே, உங்கப்பா குடிகாரர் இல்லம்மா. அது பாதரசம் பண்ணின வேல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் குடின்னு எழுதினேன்."

"அட, நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு சிஸ்டர்?" என்றபடி ஹார்ட்முட் பாட்டிலை மூடினான். கெர்லிண்டே அப்பாவின் கையையே பார்த்தாள். அதைப் பிடித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றாள்.

நான் லோத்தரிடம் போனேன்.

"மன்னிச்சிடுங்க லோத்தர்."

அவர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்ற, தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்ணைக் காட்டினார்.

"இவதான் சிஸ்டர் அந்தக் குழந்த."