கணக்கில் வராதவர்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் விலைவாசி மேடம். பேரியல் பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அவளும் விட்டுவிட்டாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அதே பணவீக்கம், அதே வட்டி விகிதம். ஆனால் வேலையின்மை பாடம் வரும் நாளில் மட்டும் அவளுக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும். கரும்பலகையில் மூன்று பெட்டி வரைவாள். வேலை பார்ப்பவர்கள் முதல் பெட்டி. வேலை இல்லாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டாவது. தேடாதவர்கள் மூன்றாவது.

"மூணாவது பெட்டியில இருக்கிறவங்களை வேலையில்லாதவங்கன்னு சொல்லக் கூடாது. அந்த விகிதத்துல அவங்க வரவே மாட்டாங்க. தேடுறதை விட்டுட்டா ஆள் கணக்குல இல்லை."

"அப்போ எல்லாரும் தேடுறதை விட்டுட்டா வேலையின்மையே இருக்காதா மேடம்?" என்று யாராவது வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் காத்திருப்பாள். பாடப்புத்தகத்தில் அந்த வரையறைக்குக் கீழே இன்னொரு பத்தி உண்டு. கணக்கெடுக்க வருபவர்கள் தேடாதவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பார்கள் என்று. பரீட்சைக்கு வராத பத்தி. அதைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்கிய கை. அவருடைய கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய சூட்டோடு பழுதுபார்க்கும் பிரிவை இழுத்து மூடியது. ஆரம்பத்தில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து, "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்பார். கொஞ்ச நாளில் அதைச் சொல்வது நின்றது. பிறகு சட்டை தேய்ப்பதும் நின்றது. வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்தார். மனுஷனுக்கு இது பிடித்துப்போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

அப்போதுதான் அக்கா வந்தாள். அக்காவின் ரகசியக் குரல் தெருமுனை வரை கேட்கும். அடுப்படிக் கதவோ திறந்தே கிடந்தது.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் இன்னும் வேலையில்லாதவராத்தான் இருக்காரா?"

வேறொருத்தியாக இருந்தால், "அதெல்லாம் சீக்கிரம் கிடைச்சிரும்" என்று மழுப்பியிருப்பாள். இவளுக்கு வரையறை தப்பாகப் போவதுதான் பொறுக்கவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. வேலையில்லாதவர்னா தேடிட்டிருக்கணும். இவர்தான் தேடுறதையே விட்டுட்டாரே. இவர் கணக்குலயே வரமாட்டார்."

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சற்றுக் கழித்து மறுபடி கேட்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சமையல் எப்போதும்போல நடந்தது, பேச்சுதான் வற்றிப்போனது. ஜன்னலுக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை வாங்கலாம் என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, "கணக்குல வராத ஆளைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றார். சுருக்கென்றது அவளுக்கு. "ஏங்க, அது பாடத்துல இருக்கிற வார்த்தைங்க" என்று சமாதானம் சொன்னாள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. தான் சொன்ன சொல்லை நிஜமாக்கிக்கொண்டு இந்த மனுஷன் கடைசிவரை அந்த மூன்றாவது பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு விடுமுறை நாளில், கையில் டேப்லெட்டோடு ஒரு பெண்மணி வந்து அழைப்புமணியை அழுத்தினார். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பாம், இவர்கள் வீடு தேர்வாகியிருக்கிறதாம். விலைவாசி மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரத்தை வைத்துத்தானே பிழைப்பே ஓடுகிறது! உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"வீட்டுல ஒருத்தர் சொன்னாப் போதும் மேடம், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடலாம்."

தன் கதையை மளமளவென்று ஒப்பித்தாள். அடுத்து வீட்டுக்காரர்.

"போன வாரம் சம்பளத்துக்கு ஏதாவது வேலை பார்த்தாரா? ஒரு மணி நேரமாவது?"

"இல்லைங்க."

"கடைசி நாலு வாரத்துல வேலை தேடினாரா?"

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தேடினார் என்றால் பொய். அது பொய் என்று அவருக்கும் தெரியும். தேடவில்லை என்றால், அதே வார்த்தையை இரண்டாவது முறையும் தன் வாயாலேயே சொன்னதாக ஆகும்.

"அவரையே கேட்டுருங்களேன்," என்றாள். "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். கேள்வியைத் திரும்பக் கேட்கவைக்கவில்லை.

"தேடலைங்க."

அவ்வளவுதான், மூன்றாவது பெட்டி மூடியாயிற்று என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்மணியோ அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினார்.

"வேலை கிடைச்சா வேணுமா உங்களுக்கு?"

அவர் காய்ந்துவிட்ட கையையே மறுபடி துடைத்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அந்த அம்மா மறுபடியும் கேட்டார்.

"வேணும்," என்றார் அவர். "வேணுங்க" என்றார் இன்னொரு முறை.

"அப்புறம் ஏன் தேடலை?"

"போற இடத்துல எல்லாம் 'உங்க வயசுக்கு'ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. அதைக்கூடக் கேட்டுக்கலாம். வீட்டுக்கு வந்து இவ முகத்தைப் பார்த்து, இன்னைக்கும் இல்லைன்னு சொல்றதுதான் முடியலை. தேடாம இருந்தா அதைச் சொல்ல வேண்டியதில்லை பாருங்க."

"கிடைக்காதுன்னு மனசு விட்டவங்கன்னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுக்கறேன்."

"அதுக்கும் ஒரு இடம் வச்சிருக்கீங்களா?"

"இருக்குங்க. அவங்களையும் தனியா எண்ணுவோம்."

அந்த அம்மாவை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியவள், கதவோரமாகவே நின்றாள்.

"நான் கேட்டிருக்கணும். வேணுமான்னு ஒரு வார்த்தை நான்தான் கேட்டிருக்கணும்."

"உன் புத்தகத்துல இந்தக் கேள்வி இல்லியா?"

"இருக்கு. பரீட்சைக்கு வராதுன்னு நடத்தாம விட்டுருவேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா வந்துபோன நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"இந்த வருஷம் பரீட்சையில போடு. பத்து மார்க்குக் கேள்வி."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு நான் வந்து 'இல்லை'ன்னு சொல்றப்ப இப்படி அழக் கூடாது," என்றார். "அழுதீன்னா நான் எங்கயும் போகமாட்டேன்."