இரண்டு விண்ணப்பங்கள்

1976 அக்டோபரில் ஒரு மாலை, ஸ்டுட்கார்ட்டின் டிராம் நிறுத்தம் ஒன்றில் குடிபோதையில் இருந்தவன் ஒருவன் பக்கத்தில் நின்ற பெண்ணைக் கத்தியால் குத்தினான். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்த சந்திரமௌலி குறுக்கே பாய்ந்தார். அடுத்த குத்து அவர் வயிற்றில் இறங்கியது. இன்கிரிட் என்ற அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். சந்திரமௌலி ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனார்.

அவர் மனைவி வத்சலாவுக்கு ஜெர்மன் அரைகுறை. மகள் பாமாவுக்கு மூன்று வயது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அரசு உதவித்தொகை தரும் புதுச் சட்டம் அந்த மே மாதம்தான் அமலுக்கு வந்திருந்தது. சந்திரமௌலியோடு வேலை பார்த்த ரகுநாதன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து, ஜனவரியில் வத்சலாவை அலுவலகத்துக்கும் அழைத்துப் போனார்.

அதிகாரி காகிதங்களை நிதானமாகப் படித்தார். பிறகு ரகுநாதனிடம் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறார்?" என்றாள் வத்சலா.

"நம்ம ஊர்ல ஒரு ஜெர்மன்காரருக்கு இப்படி நடந்தா, நம்ம கவர்ன்மென்ட் பணம் கொடுக்குமான்னு கேக்கறார், அண்ணி. கொடுத்தாத்தான் இங்க நமக்குக் கிடைக்குமாம்."

"கொடுக்குமா?"

"அப்படி ஒரு சட்டமே நம்மகிட்ட இல்லையே."

வத்சலா பாமாவை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "அவர் காப்பாத்தினது ஒரு ஜெர்மன்காரியைத்தானேன்னு கேளுங்க."

ரகுநாதன் கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். இதே குற்றத்துக்காக வந்த இன்னொரு விண்ணப்பத்தைப் போன வாரம் தான்தான் அனுமதித்ததாகவும், சட்டத்தில் இருப்பதை மீறித் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றும் மெல்லிய குரலில் சொன்னார். மேல்முறையீடு செய்யும் வழியையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் இன்கிரிட் வீடு தேடி வந்தாள். பூக்கடையில் வேலை பார்த்தவள். நரம்பு அறுந்து, இடது கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு உறையை நீட்டினாள்.

"இது என் முதல் மாதப் பணம். உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். என்னால் இதைச் செலவு செய்ய முடியவில்லை."

"உங்க கைக்காகக் கொடுத்தது. உங்களுக்குத்தான் வேணும்," என்று தெரிந்த ஜெர்மனில் சொல்லி, வத்சலா உறையை வாங்க மறுத்தாள். பிறகு, அத்தனை மாதமாக யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்டாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அவர் ஏதாவது பேசினாரா?"

இன்கிரிட் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு அடி பலமா என்று ஜெர்மனில் கேட்டார். அப்புறம் உங்கள் மொழியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மறந்துவிடக் கூடாதென்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன்." உதடுகளைக் கவனமாக அசைத்தாள். "வாலிக்கலே. வாலிக்கலே."

வத்சலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது: வலிக்கலே. அவர் விரலை நறுக்கிக்கொண்டாலும் காய்ச்சலில் நடுங்கினாலும், அவள் பதறும்போதெல்லாம் சொல்வது அதுதான்.

"அதற்கு என்ன அர்த்தம்?"

"வலி இல்லைன்னு அர்த்தம்."

இன்கிரிட் இல்லையென்று தலையை அசைத்தாள். "அவருக்கு ரொம்ப வலித்தது," என்றாள்.

"தெரியும்."

சாவுக்குப் பிறகு வத்சலா வாய்விட்டு அழுதது அன்றுதான். இன்கிரிட் வலது கையால் அவள் முதுகை அணைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

மேல்முறையீட்டுக்கு இன்கிரிட்டும் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். மே மாதம் அதுவும் தள்ளுபடியானது. ஜூனில் வத்சலா பாமாவோடு திருச்சிக்குத் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று பாமா கேட்கும் வயது வந்தபோது, வத்சலா அந்த வார்த்தையையும், அவருக்கு ரொம்ப வலித்ததையும் சேர்த்தே சொன்னாள்.