அமீனா இல்லாத கோர்ட்

பிரியாணிக்குச் சொல்லிவிட்டுத்தான் சேக் இஸ்மாயில் வீட்டுக்குள் வந்தார். மருமகன் யாசீனை விடுதலை செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது. கோச்சடையில் அந்தத் தெருவுக்காவது சோறு போட வேண்டாமா?

யாசீன் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில், கடத்தல் எண்ணெய் என்ற சந்தேகத்தில் கப்பலோடு எல்லோரையும் பிடித்துவிட்டார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஜெயில். அந்தப் பகுதி நாடுகள் கூடி ஒரு கோர்ட் வைத்திருக்கின்றன. தனி மனிதனும் ஒரு நாட்டின் மேல் அங்கே நேராக வழக்குப் போடலாம். மாலுமிகள் சங்கம் அங்கேதான் போனது.

“அமீனா எப்பம்மா ஜெயிலுக்குப் போவாரு?” என்று மாடிவீட்டு வக்கீல் தமிழ்வாணியிடம் கேட்டார். முன்பு சேக் இஸ்மாயிலின் வளையல் கடையைக் கூட்டாளி பூட்டியபோது, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாதான் வந்து பூட்டை உடைத்துக் கொடுத்தார்.

“அந்தக் கோர்ட்டுக்கு அமீனா கெடையாது பாய். போலீசும் இல்ல. தீர்ப்பு அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும், அதுக்கு மேல அப்பீல் இல்ல. ஆனா கதவைத் தெறக்க வேண்டியது அந்த நாடுதான்.”

“தெறக்கலேன்னா?”

“மத்த நாடுக கேக்கும், நெருக்கும். சில நாடு உடனே செய்யும், சிலது இழுக்கும்.”

“நல்ல கோர்ட்டும்மா. நிக்காஹ் முடிச்சு வச்சுட்டு, பொண்ணு வீட்டுக்கு வழிய நீயே விசாரிச்சுக்கன்னு சொல்லுற மாதிரி.”

மகள் சாதிகா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு யாசீன் ஜெயிலிலிருந்து போனில் பேசுவான். முன்பு ஒருமுறை, இந்த மாதம் விட்டுவிடுவார்கள் என்று கப்பல் கம்பெனி சொன்னதை அவள் அப்படியே அவனிடம் சொல்லியிருந்தாள். விடவில்லை. அதன் பிறகு பல நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லையாம். கப்பலில் எல்லோரையும் வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறவன்.

“வந்துருவாருன்னே சொல்லும்மா. மனசு குளிரட்டும்,” என்றார் அத்தா.

“பொய்யாப் போச்சுன்னா தாங்க மாட்டாக அத்தா.”

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் சாதிகா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

“மச்சான், தீர்ப்பு ஆயிருச்சு. ஒங்கள அடைச்சு வச்சது தப்பு, விடணும்னு சொல்லிட்டாங்க.” மூச்சு விட்டுக்கொண்டாள். “ஆனா எப்ப விடுவாகன்னு தெரியல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர அந்தக் கோர்ட்டுக்கு ஆள் இல்லையாம்.”

அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டாள்.

“தப்புன்னே சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டாங்க.”

“என் பேரு அதுல இருக்கா?”

“இருக்கு. முழுப் பேரும்.”

“வாசி புள்ள.”

தமிழ்வாணி அனுப்பியிருந்த பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டாத குறையாக இங்கிலீஷில் வாசித்தாள். அவன் ஒவ்வொரு வரியையும் கூட இருந்தவர்களுக்கு இந்தியில் சொல்வது கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“சாப்பிட்டீகளா மச்சான்?”

“இனிமேதான். சாப்பிடுறேன். நீ அழுவாத.” பிறகு குரல் தாழ்ந்தது. “வார்டன் போனைக் கேக்குறான்.”

“வைக்கச் சொல்றானா?”

“இல்ல புள்ள. அவனுக்கும் ஒருக்கா நீ வாசிச்சுக் காட்டணுமாம்.”

சாதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து, இந்தமுறை இன்னும் கொஞ்சம் சத்தமாக ஆரம்பித்தாள்.