இருபத்தொரு நாளா, நாற்பத்தஞ்சு நாளா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இரண்டு பள்ளிகளின் தாள்களை மேசையில் பரப்பினார் லிப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷமாக ஊரையே மேலே ஏற்றி இறக்கிய மனுஷனுக்கு, தானும் ஒரே ஒரு தடவை மேலே போக வேண்டுமாம். அதுவும் தனியாக! பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும், ஆனால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும் என்று கண் டாக்டர் போன வருஷம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

தாங்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் நேற்று புது ரிப்போர்ட்டை வாங்கி வந்தாள். "வண்டி ஓட்டறதையே நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். ரிப்போர்ட் அவள் கைப்பையில் கிடக்கிறது. எப்படி எடுப்பாள்? எந்த வாயால் சொல்வாள்?

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு, நீயே படி" என்றார்.

"கடலோரப் பள்ளி. இருபத்தொரு நாள்தான். ஆனா கண் பரிசோதனை சேரும்போதே."

"இன்னொண்ணு?"

"நாற்பத்தஞ்சு நாள். முதல் மூணு வாரம் வாத்தியார் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாராம். தனியா விடறதுக்கு முன்னாடிதான் பரிசோதனை."

"கடலோரமே சரி. சட்டுபுட்டுன்னு முடிச்சுட்டு வந்துடலாம்."

அவளுக்கும் ஒரு நிமிஷம் அதுவே சரியென்று பட்டது. கடலோரத்துக்காரன் வாசலிலேயே முடியாது என்று சொல்லிவிடுவான். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். இப்படியும் ஒரு புத்தி போகுமா என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அதற்குள் அவர் கடலோரப் பள்ளிக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்த பெண் படபடவென்று பேசினாள். "யோசிக்கவே வேணாம் சார், கண்ணை மூடிக்கிட்டு எங்ககிட்ட சேருங்க!"

"கண்ணை மூடிக்கிட்டா? அப்புறம் உங்க விமானம் என்னம்மா ஆகும்?" என்று சொல்லிவிட்டு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருடைய சிரிப்பு அடங்கும்வரை அவள் தண்ணீர் குடிப்பதுபோலத் தம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும், "அது வேணாங்க" என்றாள். "அந்தப் பொண்ணு பேச்சே எனக்குப் பிடிக்கல. நாற்பத்தஞ்சு நாளே இருக்கட்டும்."

"அத்தனை நாள் நீ தனியா இருந்துப்பியா?"

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். வாத்தியார் பக்கத்தில் இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. மூன்று வாரம் மேகத்துக்கு மேலே இருந்துவிட்டு வரட்டும். அதற்கப்புறம் அவரைத் தேற்றுகிற பாடு அவளுடையது. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டார். "உட்காரு, நீதான் வாத்தியார்" என்று அவளை இடப்பக்கம் உட்கார வைத்தார். கையில் ஒரு தட்டு, அதுதான் ஸ்டியரிங். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியையே பார்த்தபடி உர்ரென்று இன்ஜின் சத்தம் கொடுத்து வண்டியைக் கிளப்பினார். அவள் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. முகத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பினார்.

"எங்க போயிட்ட? வாத்தியார் பாதியிலேயே குதிச்சுட்டாரா?"

அவருடைய முழங்கை அவள்மேல் படாத குறை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்தாள். சுவரைத் தடவியபடி ஒவ்வோர் அடியாக நடந்து சமையலறைக்குள் போனாள்.

அங்கிருந்து சத்தமாக, "இதோ வரேங்க, அடுப்பை அணைச்சுட்டு!" என்றாள்.