ஓர் அறைக்கு நாலு பேர்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும் என்பார்கள். அபாண்டம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த அறையில் எத்தனை ஆள் என்பதுதான்.

ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. மீறினால் அன்றைக்கே பூட்டு. கட்டட முதலாளியின் சட்டம் அது. அதைக் காக்க வரும் அவருடைய ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் அத்தனை சாவிகள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் இங்கே கூட்டம் போட வேண்டாம். பூனையே கட்டிக்கொண்டு வரும். சத்தம் கேட்டதும் கட்டடம் இளைத்துவிடும். மாமியார்கள் மொட்டைமாடிக்கு, மச்சான்கள் தெருமுனைக்கு. சாவிக்கொத்து எட்டிப் பார்க்கும்போது அறைக்கு நாலே பேர், போட்டோவுக்கு நிற்பதுபோல.

எதிர் அறைத் தையல்காரிக்கு மட்டும் இந்த வித்தை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள் என்றவரை சரி. வாடகை ஏறியதில் அறையை இழந்த தங்கை, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்துவிட்டாள். தங்கையை ஒளிக்கலாம், குழந்தையின் தொண்டையை எங்கே ஒளிப்பது? பிள்ளைத் துணிகளைக்கூட வெளிக்கொடியில் போடாமல், அலமாரிக்குப் பின்னால் கயிறு கட்டி உலர்த்தினாள். உள்ளே போனால் ஈரவாடை மூக்கைத் துளைக்கும். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். ஊசி இரவல் வாங்கத்தான்.

அப்போதுதான் பின்பக்கத்துப் பழைய பஸ் டிப்போ இடத்தில் நகராட்சி குறைந்த வாடகை வீடுகள் கட்டப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. எந்த வட்டாரத்தில் நெருக்கடி அதிகமோ அங்கேதான் நிதி. நேரில் பார்க்க ஒரு திட்ட அதிகாரி வருவார்.

"தங்கச்சிக்கு ஒரு கதவு கிடைச்சிடும்லக்கா?" என்று தையல்காரி என்னிடம் தினமும் கேட்டாள். நான்தான் வீட்டுச் சாவியைக் கொடுக்கப்போகிறவள் மாதிரி.

அதிகாரியம்மா வந்தார். வழிகாட்ட யாரோடு வந்தார் தெரியுமா? கீழ்ப்படியிலேயே கலகலவென்று சத்தம் கேட்டது. பழக்கதோஷம், கட்டடம் இளைத்தது. தையல்காரி தங்கையையும் குழந்தையையும் என் குளியலறைக்குள் தள்ளிவிட்டு ஓடினாள்.

"எத்தனை பேர்மா இருக்கீங்க?"

"நாலு பேருங்க," என்றாள் தையல்காரி.

"இங்கயும் நாலுதானா? பரவாயில்லையே, எல்லாரும் வசதியாத்தான் இருக்கீங்க."

"நான்தான் சொன்னேனே மேடம்," என்றார் சாவிக்கொத்து. சாவிகள் ஆமாம் போட்டன.

அதிகாரி பையை மூடினார். "அப்ப இந்த நிதி இங்க வராது. நெருக்கடி இருக்கிற வேற வட்டாரத்துக்குத்தான் எழுதணும்."

தையல்காரியின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். எண்ண வந்தவரிடமே ஒளிந்துகொண்டிருக்கிறோம்! சொன்னால் இன்றைக்கே தெரு. சொல்லாவிட்டால் என்றைக்குமே வீடு இல்லை. அந்த நேரம் பார்த்து என் குளியலறையில் ஒரு முனகல்.

"என்ன சத்தம்?"

"பூனைங்க," என்றேன். ஊரையே அளக்கும் என் நாக்குக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

"பூனையா?" சாவிக்கொத்து என் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"ஆறு பேருங்க," என்றாள் தையல்காரி. ஓர் அடி முன்னால் வந்து மறுபடி சொன்னாள். "நாங்க ஆறு பேருங்க."

விறுவிறுவென்று வந்து என் குளியலறைக் கதவைத் திறந்தாள். தங்கை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, குழந்தையின் வாயைப் பொத்தியபடி நின்றாள். குழந்தையின் முகம் சிவந்து நீலம் பாயத் தொடங்கியிருந்தது.

"கைய எடுடி! அழட்டும்."

அழுதது. அம்மாடி, என்ன அழுகை! ஒவ்வொரு கதவும் விரலளவு திறந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். "மத்த அறைங்கள்லயும் இப்படித்தானா?"

சாவிக்கொத்தும் என்னைத்தான் பார்த்தார். வாயைத் திறந்தால் எனக்கும் பூட்டு.

"மேடம்," என்றேன், "மொட்டைமாடியில நல்லா காத்து வரும். ஒரு நடை போயிட்டு வாங்களேன்."

போனார். தண்ணீர்த் தொட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்த மாமியார்களைப் பார்த்துவிட்டு, முகம் மாறி இறங்கி வந்தார்.

"இந்த இடத்துக்கே எழுதறேன். ஆனா நிதி ஒதுக்கி, திட்டம் பாஸாகி, கட்டி முடிய வருஷக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும்?" என்றாள் தையல்காரி.

"முதலாளிகிட்ட பேசிப் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா."

அவரை வழியனுப்பத் திரும்பிய சாவிக்கொத்து, தையல்காரியிடம் மிக மெதுவாகச் சொன்னார். "சாயங்காலம் வர்றேன்."

அவர் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு குளிர் எடுத்திருக்காது.

வெயில் தாழ்ந்தபோது தையல்காரி பிள்ளைத் துணிகளை வாரிக்கொண்டு வந்து, தெருவைப் பார்த்த வெளிக்கொடியில் போட்டாள். அவசரத்தில் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழே படிக்கட்டில் சாவிகள் குலுங்கின.

"அக்கா, உள்ள எடுத்துடவா?" என்றாள் தங்கை.

"வேணாம்," என்றாள் தையல்காரி, திரும்பிப் பார்க்காமல். "இன்னும் ஈரம் காயல."

நான் அடுத்த கிளிப்பை நீட்டினேன்.